நான்காவது ஆள்

கிராஸ் கன்ட்ரி ஓட்டத்துக்கு உலக சாதனை கிடையாது. நூறு மீட்டருக்கு உண்டு, மாரத்தானுக்கு உண்டு, இதற்கு மட்டும் இல்லை. ஓடுகிற தரை ஊருக்கு ஊர் மாறுவதுதான் காரணம். ஓரிடத்தில் மணல், ஓரிடத்தில் சேறு, ஓரிடத்தில் செங்குத்தான மேடு. ஆம்பூரில் ஓடியவனின் நேரத்தை ஐரோப்பாவில் ஓடியவனின் நேரத்தோடு வைத்துப் பார்ப்பதில் பொருளில்லை என்று விட்டுவிட்டார்கள்.

1970களின் கடைசியில் ஓடிக்கொண்டிருந்த எங்களிடம் இதைச் சொல்லியிருந்தால் சண்டைக்கு வந்திருப்போம். எங்களிடம் சாதனைகள் இருந்தன. பாலாற்றங்கரைப் பாதையில் இன்னாருடைய நேரம், ஏரிக்கரைப் பாதையில் இன்னாருடைய நேரம் என்று ஒவ்வொருவனுக்கும் மனப்பாடம். பழைய வட ஆற்காடு மாவட்டத்துக் கல்லூரிகளில் ஓடிய யாரைக் கேட்டாலும், தேர்வில் வாங்கிய மதிப்பெண் மறந்திருக்கும், எந்த மேட்டில் யார் யாரை முந்தினான் என்பது மறந்திருக்காது.

இந்த ஓட்டம் பிறந்தது இங்கிலாந்துப் பள்ளிக்கூடங்களில். இரண்டு பையன்கள் காகிதத் துண்டுகளைத் தூவிக்கொண்டே வயல், வேலி, ஓடை என்று முன்னால் ஓடுவார்கள். மற்றவர்கள் அந்தத் தடத்தைப் பிடித்து விரட்டுவார்கள். ரக்பி பள்ளியின் கிரிக் ஓட்டம் 1838இலேயே நடந்திருக்கிறது. ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் 1880 முதல் இதில் மோதுகின்றன. நம் பக்கம் இப்படிப்பட்ட விளையாட்டுகள் முறையாக வேரூன்றக் காரணமாக இருந்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர். 1920இல் மெட்ராஸில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கியவர். அங்கே படித்து வந்த மாஸ்டர்கள்தான் விசிலும் ஸ்டாப் வாட்ச்சுமாக மாகாணம் முழுக்கப் பரவினார்கள். எனக்குக் கற்றுக்கொடுத்தவரும் அந்த வழியில் வந்தவரே.

அதே பக், 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்திய அணியின் மேலாளராகப் போனவர். ஒலிம்பிக்கில் கிராஸ் கன்ட்ரி கடைசியாக நடந்ததும் அந்தப் பாரிஸில்தான். ஜூலை 12, 40 டிகிரியைத் தாண்டிய வெயில் என்கிறார்கள். ஓடத் தொடங்கியவர்கள் 38 பேர், முடித்தவர்கள் 15 பேர். பின்லாந்தின் பாவோ நூர்மி முதலாவதாகவும், அதே நாட்டு வில்லே ரிட்டோலா இரண்டாவதாகவும் வந்தார்கள். உலகம் அதைத்தான் நினைவில் வைத்திருக்கிறது. என் மனசு நிற்பது மூன்றாவது பின்லாந்துக்காரரிடம். ஹெய்க்கி லீமடாய்னன். அணிப் பதக்கத்துக்கு மூன்று பேர் கோட்டைத் தாண்ட வேண்டும். அவர் வெயிலில் நிலைகுலைந்து, முடிவுக் கோட்டுக்குச் சற்று முன்னால் நின்றே விட்டார். பிறகு எப்படியோ நடந்து, பன்னிரண்டாவது ஆளாகக் கோட்டைத் தாண்டினார். அவர் வராமல் போயிருந்தால் நூர்மியின் முதலிடத்தை வைத்துக்கொண்டு பின்லாந்து அணித் தங்கம் வாங்கியிருக்க முடியாது. இந்த விளையாட்டின் உயிர் அங்கே இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

கணக்கு இதுதான். ஓர் அணியில் நான்கு பேரைக் கணக்கில் எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் வந்த இடங்களைக் கூட்டுவார்கள். எந்த அணியின் கூட்டுத்தொகை குறைவோ அதற்குக் கோப்பை. முதல் ஆள் எவ்வளவு தூரம் முன்னால் வந்தாலும் அவனுக்கு ஒன்றுதான். நான்காவது ஆள் பதினைந்தாவதாக வருகிறானா, இருபதாவதாக வருகிறானா என்பதில்தான் கோப்பை கைமாறும். கென்யா ஆண்கள் 1986இலிருந்து 2003 வரை தொடர்ந்து பதினெட்டு முறை உலக அணிப் பட்டத்தை வென்றதற்கும் இதுவே பதில். அவர்களுடைய கடைசி ஆளும் பிற நாடுகளின் நல்ல ஆளுக்குச் சமமாக ஓடினான்.

எங்கள் பக்கக் கல்லூரிகள் பெரும்பாலும் ரயில் பாதையை ஒட்டியே இருந்தன. வேலூரில் 1898இல் தொடங்கிய ஊரிஸ் கல்லூரி, வாணியம்பாடியில் 1919இன் இஸ்லாமியாக் கல்லூரி, திருப்பத்தூரில் 1951இல் வந்த தூய நெஞ்சக் கல்லூரி, மேல்விஷாரத்தில் 1965இன் அப்துல் ஹக்கீம் கல்லூரி, ஆம்பூரில் 1969இல் வந்த மஸ்ஹருல் உலூம். எல்லாமே அன்று மெட்ராஸ் பல்கலைக்கழகத்தின் கீழ். காலை பாசஞ்சரில் ஒரே பெட்டியில் ஏறுவோம், போகும்போது பேச மாட்டோம், திரும்பும்போது பட்டாணி பங்குபோட்டுச் சாப்பிடுவோம்.

ஓடுகிற விதத்தை வைத்தே யார் எந்த ஊர் என்று சொல்லிவிடலாம். ஏலகிரி மலைச் சரிவில் பழகிய திருப்பத்தூர்ப் பையன்கள் மேட்டில் மூச்சே வாங்க மாட்டார்கள். வேலூர்க்காரர்கள் கோட்டை மைதானத்தில் பழகியவர்கள், சமதரையில் அவர்களைப் பிடிக்க முடியாது. மணல் எங்களுடையது. பாலாறு வருஷத்தில் பெரும்பகுதி வெறும் மணல்தானே. மணலில் ஓட எட்டு வைப்பதைச் சுருக்க வேண்டும், குதிகாலை ஊன்றக் கூடாது, ஊற்றுத் தோண்டிய இடத்தை ஒட்டி ஈரமாக இருக்கும் கோட்டைக் கண்ணால் தேடிக்கொண்டே போக வேண்டும். வெளியூர்க்காரன் நேர்வழி என்று நடுமணலில் இறங்குவான். அங்கே அவன் கால் போய்விடும்.

எங்கள் நான்காவது ஆள் ஒருவன் இருந்தான். பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வான். அவன் அப்பாவுக்குத் தோல் ஷாப்பில், சுண்ணாம்புக் குழியில் வேலை. முடி கழன்று வருவதற்காகச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்ட தோலை இழுத்துப் போடும் வேலை. விடியற்காலையில் அப்பாவுக்குக் கைகொடுத்துவிட்டு அப்படியே ஓட வருவான். வேகம் கிடையாது. எந்தப் போட்டியிலும் முதல் பத்துக்குள் வந்தவன் இல்லை.

ஒருமுறை ஆற்றங்கரைப் பாதையில் போட்டி. எதிரணி ஆட்கள் ஒன்று, மூன்று, ஆறு என்று வந்துவிட்டார்கள். நாங்கள் இரண்டு, நான்கு, ஐந்து. கூட்டிப் பார்த்தால் அவர்களுக்குப் பத்து, எங்களுக்குப் பதினொன்று. இரண்டு பக்கமும் நான்காவது ஆள் வரவில்லை. கரைமேல் நின்று பார்க்கிறோம். பன்னிரண்டாவதாக வேறொரு கல்லூரிப் பையன், பதின்மூன்றாவதாக அவர்கள் ஆள், பதினான்காவதாக எங்கள் ஆள். அப்படியே வந்தால் தோல்வி. கடைசி மணல் திட்டு வந்தது. முன்னால் இருந்த இருவரும் நடுமணலில் இறங்கினார்கள். எங்கள் ஆள் ஓரமாக ஈரத்தைப் பிடித்துச் சுற்றி வந்தான். அவன் ஓடிய தூரம்தான் அதிகம். ஆனால் இருவரையும் தாண்டிப் பன்னிரண்டாவதாகக் கோட்டுக்குள் விழுந்தான். எங்களுக்கு இருபத்து மூன்று, அவர்களுக்கு இருபத்து நான்கு. தோற்ற அணியின் மாஸ்டர்தான் முதலில் ஓடிவந்து அவனைத் தூக்கி நிறுத்தித் தண்ணீர் கொடுத்தார். அந்த மனிதருக்கு என் வணக்கம் என்றைக்கும் உண்டு.

அன்று ஓடிய பலருக்குக் காலில் ஷூ இல்லை. ஊரில் அப்போது தோல் நிறைய, ஷூ குறைவு. ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்ட தோலாகவே ஏற்றுமதி ஆகிக்கொண்டிருந்தது. பதனிட்ட தோலை அப்படியே அனுப்புவதை 1970களில் அரசு கட்டுப்படுத்திய பிறகுதான் முழுதாக முடித்த தோல், பிறகு ஷூ என்று தொழில் திரும்பியது. வெறுங்கால் எங்களுக்கு வெட்கமாகவும் இல்லை. 1974 டெஹ்ரான் ஆசிய விளையாட்டில் 5,000 மீட்டர் தங்கம் வென்ற பீகாரின் சிவ்நாத் சிங் வெறுங்காலில் ஓடிப் பழகியவர் என்பது எங்களுக்குத் தெரியும். 1978இல் ஜலந்தரில் மாரத்தானை அவர் 2 மணி 12 நிமிடத்தில் முடித்தார் என்ற செய்தி வந்த அன்று, எங்கள் விடுதியில் யாரும் தூங்கவில்லை.

பெண்களுக்கு வெகுகாலம் பாதை குட்டையாகவே இருந்தது. உலகப் போட்டியிலேயே 2015 வரை ஆண்களுக்கு 12 கிலோமீட்டர், பெண்களுக்கு 8. கம்பாலாவில் 2017இல்தான் இருவருக்கும் 10 என்று ஆக்கினார்கள். மிகத் தாமதம்.

பாதைகள் போன கதையைச் சொல்ல வேண்டும். பட்டையும் கடுக்காயும் போய்க் குரோமியம் வந்தது. கழிவு ஆற்றில் இறங்கியது. வேலூர் மக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்புச் சொன்னபோது, தோல் தொழில் நடக்கும் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் கெட்டுப்போனதை எடுத்துக்காட்டியது. அந்தத் தீர்ப்பைச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் படிக்கிறார்கள். நாங்கள் அதை உள்ளங்காலில் படித்தோம். ஊற்று தோண்டிக் குடித்த இடத்தில் கால் வைத்தால் அரித்தது. பிறகு மணலை லாரி லாரியாக அள்ளினார்கள், திட்டுகள் பள்ளமாயின. சென்னை – பெங்களூரு சாலை அகலமானதும் ஓடுகிறவர்கள் குறுக்கே கடக்க முடியாமல் போனது. எங்கள் சாதனைகள் யாராலும் முறியடிக்கப்படவில்லை. அவை நின்ற தரை போய்விட்டது.

2002இல் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் வந்து கல்லூரிகள் அதன்கீழ் போயின. 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஒரே மாவட்ட அணியில் ஓடியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று மூன்று மாவட்ட அணிகளில் எதிரெதிரே நிற்கலாம். நல்லதுதான், போட்டி கூடும். இன்று தமிழ்நாட்டின் நெடுந்தூர ஓட்டம் என்றால் புதுக்கோட்டையைச் சொல்கிறார்கள். 2017 புவனேஸ்வர் ஆசியப் போட்டியில் 5,000, 10,000 இரண்டிலும் தங்கம் வென்ற லட்சுமணனும், 2016 தெற்காசிய விளையாட்டில் அதே இரண்டு தூரங்களிலும் வென்ற சூர்யாவும் அந்தப் பக்கத்துப் பிள்ளைகள். லோகநாதன் என்ற பயிற்சியாளர் அங்கே நிலையாக நின்று வளர்த்த பயிர் அது. எங்கள் ஊரிலும் கால்கள் இருந்தன, தரையும் இருந்தது. தொடர்ந்து நின்று எழுதி வைத்தவர்கள் போதவில்லை.

வென்றவனின் பெயர் சான்றிதழில் இருக்கும். நான்காவது ஆளின் பெயர் போட்டி அன்று மாஸ்டர் கையால் எழுதிய தாளில் மட்டும்தான் இருக்கும். அந்தத் தாள்கள் இன்னும் சில வீட்டுப் பரணிலும் உடற்கல்வித் துறை அலமாரிகளிலும் கிடக்கின்றன. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் ஓடியவர்களோ ஓட வைத்தவர்களோ இதைப் படித்தால், உங்களிடம் இருக்கும் தாளையும் போட்டோவையும் எடுத்துப் பின்னால் பெயர்களை எழுதி, படித்த கல்லூரியின் நூலகத்தில் கொடுத்துவிடுங்கள். பாதை எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.