ஐந்தடி கற்பிக்கும் கட்டடக் கலை

கட்டடக் கலை என்றவுடன் நம்மவருட் பலர்க்கு நினைவில் எழுவன கோயிற் கோபுரமும் மன்னர் மாளிகையுமே. அன்றாடம் நாம் ஒதுங்கி நடக்கும் கடைவீட்டு ஐந்தடியைக் கலையாக எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே.

உரோம நாட்டு விட்ருவியஸ் என்னும் கட்டடக் கலைஞர் கி.மு. முதல் நூற்றாண்டிலேயே கட்டடத்திற்கு மூன்று இலக்கணம் வகுத்தார். உறுதி, பயன், அழகு என்பன அவை. இம்மூன்றையும் உரைகல்லாகக் கொண்டு சிங்கப்பூர்க் கடைவீட்டைச் சோதிப்போம்.

1822-ஆம் ஆண்டு நகரமைப்புக் குழுவினர்க்கு விடுத்த கட்டளையில், செங்கல்லாலோ ஓட்டாலோ அமையும் வீடுகள் யாவும் ஒரே வகை முகப்புடையனவாய் இருத்தல் வேண்டும் என்றார் இராபிள்ஸ். ஒவ்வொன்றின் முன்னும் தாழ்வாரம் அமைந்து, தெருவின் இருமருங்கும் எந்நேரமும் திறந்த, தொடர்ச்சியான நிழல்வழியாக விளங்க வேண்டும் என்றும் பணித்தார். வெயிலும் மழையும் மாறி மாறி வருத்தும் இந்நாட்டிற்கு இதனினும் ஏற்ற பயன் யாது? தூண்கள் வரிசையாய் நிற்றலின் தெருவிற்கு ஒழுங்கும் தாளமும் வாய்த்தன. அடுத்தடுத்த இரு வீடுகள் ஒரு சுவரையே பொதுவாகக் கொண்டன. சுவருக்குச் சுவர் மரவுத்திரம் எட்டும் அளவே வீட்டின் அகலம். குறுகி நீண்ட அவ்வீட்டின் நடுவே, வானம் நோக்கித் திறந்த முற்றம் காற்றும் ஒளியும் தந்தது.

இலக்கணம் நன்றாயிருந்தும் வாழ்வு அதனின்று வழுவியது. ஐந்தடி கடைக்காரர்க்கு உரியதா, நடப்பவர்க்கு உரியதா என்னும் வழக்கு முற்றி, நகரசபையார் தடைகளை அகற்றப் புகுந்தபோது, 1888-இல் கலகமாகவே மூண்டது. வீட்டினுள்ளேயோ வாடகை ஆசை பலகைத் தட்டிகளால் அறைகளைச் சிறு கூண்டுகளாக்கிற்று. காற்றும் ஒளியும் புகாத அவற்றில் தொழிலாளர் நெருங்கிக் கிடந்தனர், காசநோய் மலிந்தது. 1906-இல் நகரின் சுகாதாரத்தை ஆராய்ந்த டாக்டர் சிம்சன், வீடுகளின் பின்புறம் சந்துகள் திறக்க வேண்டுமென 1907-இல் வெளியான அறிக்கையில் வற்புறுத்தினார். சுவர் உறுதியாய் நின்றது, முகப்பு அழகாய் இருந்தது. பயன் மட்டும் குடியிருப்பவர்க்கு இல்லை. மூன்றில் ஒன்று குறையினும் கட்டடம் குறையுடையதே அன்றோ?

1989-இல் சைனாடவுன், லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம் முதலிய பகுதிகள் பாதுகாத்தற்குரியன என அறிவிக்கப்பட்டன. பழைய முகப்புகள் பிழைத்தன, நன்றே. ஆயினும் நாம் காக்க வேண்டியது வண்ணமும் பூவேலையும் மட்டுமன்று. வீட்டுக்குடையவன் நிலத்தில் ஐந்தடி, முன்பின் அறியாதவன் நனையாமல் நடப்பதற்கென விடப்பட்டது. அவ்வழியிற் பெட்டிகளை அடுக்கி அடைத்துவிட்டு முகப்புக்கு மட்டும் வண்ணம் தீட்டுவோமாயின், எஞ்சுவது சுவரே. கட்டடக் கலை ஆகாது.