வட்டிகை முதல் மின்கோல் வரை

ஓவியம் எழுதுதல் என்பது பழந்தமிழ் வழக்கு. எழுத்துக்கும் சித்திரத்துக்கும் ஒரே வினைச்சொல்லை ஆண்ட நம் முன்னோர், ஓவியரைக் கண்ணுள் வினைஞர் என்றனர். அவர்தம் கருவியை வட்டிகை, துகிலிகை, தூரிகை எனப் பல பெயரிட்டு அழைத்தனர். வண்ணம் பெறாத கோட்டோவியத்தை நெடுநல்வாடை புனையா ஓவியம் எனச் சுட்டுகிறது. கோடு வேறு, வண்ணம் வேறு எனப் பிரித்தறிந்த சமுதாயம், அவ்விரண்டையும் இடும் கருவியையும் நுணுகி அறிந்திருக்க வேண்டும் எனக் கருதுதல் பொருந்தும்.

அந்தத் தூரிகை இன்று மயிரையும் மரக்காம்பையும் துறந்து, கண்ணாடித் திரையின்மேல் ஓடும் மின்கோலாக உருக்கொண்டுள்ளது. சிங்கையின் உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒவ்வொருவருக்கும் சொந்தக் கற்றல் கருவி ஒன்று கிடைக்கச் செய்யும் திட்டம் 2021இல் நிறைவேறியது. வண்ணப்பெட்டி ஒன்று வாங்குவதே பெரும் செலவாக இருந்த வீடுகள் ஒரு காலத்தில் பல. இன்றோ பிள்ளைகளின் விரல் நுனியில் நூற்றுக்கணக்கான தூரிகைகள். இது பெரும்பேறு என்பதில் ஐயமில்லை. ஆயினும் இப்பேற்றினுள் ஓர் இடரும் உண்டு. அதனை எனக்கு உணர்த்தியவன் ஒரு மாணவன்.

தீபாவளிக் கண்காட்சிக்காகத் தேக்காவின் பூக்கடை ஒன்றை அவன் கணினியில் வரைந்து வந்தான். மல்லிகைச் சரங்கள் வரிசையாகத் தொங்கின. உற்று நோக்கினேன், நூறு மலரும் ஒரே மலர். இணையத்தில் கிடைத்த ஆயத்த மலர்த்தூரிகையால் ஒரே இழுப்பில் இழுத்திருந்தான். தூரிகையைத் தேடியது இரண்டு மணி நேரம், வரைந்தது பத்து நிமிடம் என்று அவனே கூறினான். "இந்தப் பொறியே வேண்டாம், தாளும் பென்சிலும் எடு" என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லாமல் அடக்கிக்கொண்டது நல்லதாயிற்று. இக்கருவியின் வரலாற்றைப் படித்த பின்னரே, பிழை பொறியில் இல்லை, தேர்வில் இருக்கிறது எனத் தெளிந்தேன். அவ்வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

பணத்தாளில் ஒரு பாடம்

வரலாற்றைத் தேடி நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. நம் 50 வெள்ளித் தாளைத் திருப்பிப் பாருங்கள். 1999இல் வெளியான வரிசையைச் சேர்ந்த அத்தாளின் பின்புறத்தில், வீணை உள்ளிட்ட நான்கு இசைக்கருவிகளோடு இரண்டு ஓவியங்கள் இடம்பெற்றுள்ளன. ஒன்று சென் வென் ஷியின் கிப்பன் குரங்குகள். மற்றொன்று சியோங் சூ பியெங் 1978இல் தீட்டிய கருவாடு உலர்த்தும் காட்சி. இருவரும், லிம் ஹாக் தாய் 1938இல் தோற்றுவித்த நன்யாங் நுண்கலைக் கழகத்தில் ஆசிரியராக இருந்தவர்கள். 1952இல் லியூ காங், சென் சோங் சுவீ ஆகியோருடன் பாலித் தீவுக்குச் சென்று, இவ்வட்டாரத்து வாழ்வை வரைவதற்கு ஒரு புதுப்பாணியை வளர்த்தவர்கள்.

இவர்கள் கற்ற சீன மை மரபில், தூரிகையைத் தேர்வதே முதற்பாடம். ஆட்டுமயிர்த் தூரிகை மென்மையானது. நீரை மிகுதியாக ஏந்தும். பரந்த பூச்சுக்கு ஏற்றது. ஓநாய்மயிர் எனப் பெயர் பெற்றாலும், மரநாயை ஒத்த ஒரு சிறு விலங்கின் மயிரால் ஆன தூரிகை விறைப்பானது, கோட்டுக்கு ஏற்றது. இரண்டும் கலந்தது மூன்றாம் வகை. நுனியால் தொட்டால் மெல்லிய கோடு. அழுத்தினால் பருத்த கோடு. சாய்த்து உலர்மையோடு இழுத்தால் விலங்கின் உரோமம். ஒரே தூரிகை, கையின் மாற்றத்தால் பல தூரிகையாகிறது.

சென் வென் ஷி கிப்பன்களைத் தம் வீட்டிலேயே வளர்த்து அவற்றின் அசைவுகளைக் கவனித்தவர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. அவர் நாள்தோறும் தேடியது குரங்கின் தாவலை. புதிய தூரிகையை அன்று.

கையை நாடி வந்த பொறி

மேலைநாட்டில் 1963ஆம் ஆண்டு ஐவன் சதர்லாந்து என்னும் அறிஞர், ஒளிப்பேனாவால் திரையில் கோடு வரையும் ஸ்கெட்ச்பேட் என்ற அமைப்பை உருவாக்கினார். அதில் கோடு இருந்தது. கையின் அழுத்தம் இல்லை. 1973இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ரிச்சர்ட் ஷூப் படைத்த சூப்பர்பெயிண்ட், கணினித் திரையில் வண்ணம் தீட்ட வழிசெய்தது. 1981இல் தொலைக்காட்சி நிலையங்களுக்கென வந்த குவாண்டெல் பெயிண்ட்பாக்ஸ், கோலை அழுத்தும் வலிமையை உணரும் ஆற்றல் பெற்றிருந்தது. 1983இல் ஜப்பானில் தொடங்கப்பட்ட வாக்கம் நிறுவனம், கம்பியும் மின்கலமும் இல்லாத எழுதுகோலை அளித்தது. 1990இல் நிழற்படங்களைத் திருத்துவதற்காக ஃபோட்டோஷாப் வெளிவந்தது. 1991இல் வந்த பெயிண்டர் என்னும் மென்பொருள், எண்ணெய் வண்ணம், சுண்ணக்கோல் முதலியவற்றின் இயல்பைத் திரையில் காட்ட முயன்றது. அழுத்தத்தை 256 படிகளாக உணர்ந்த கோல்கள் வளர்ந்து, 8192 படிகளாக உணரும் கோல்களும் வந்துவிட்டன.

இந்த அறுபது ஆண்டு வரலாறு உணர்த்துவது யாது? கை பொறியைத் தேடிப் போகவில்லை. பொறியே கையை நாடி, படிப்படியாக நடந்து வந்திருக்கிறது. திரையின் ஓரத்தில் தோன்றும் எண்களும் அளவைக் கட்டைகளும், கை நெடுங்காலமாக அறிந்த செயல்களின் புதுப்பெயர்களே. இதை உணர்ந்துவிட்டால் அமைப்புகளைத் தேர்வது எளிது.

அமைப்புகளின் பொருள்

முதலாவது, ஸ்பேசிங் எனப்படும் இடைவெளி. கணினித் தூரிகை கோடு இழுப்பதில்லை. சிறு முத்திரைகளை வரிசையாகக் குத்துகிறது. பூக்கட்டுவோர் மலர்களை நெருக்கிக் கட்டினால் சரம். இடைவிட்டால் நார் தெரியும். ஃபோட்டோஷாப்பின் வழக்கமான இடைவெளி 25 விழுக்காடு. அதைப் பத்துக்குக் கீழே குறைத்தால் கோடு வழவழப்பாகும். மிகக் குறைத்தால் பொறி திணறும்.

இரண்டாவது, ஃப்ளோ எனப்படும் ஒழுக்கு. கோலமிடும் விரலிடுக்கிலிருந்து மாவு கசியும் அளவுதான் அது. ஒரே இடத்தில் கை மேலும் மேலும் சென்றால் மாவு கூடும். ஒழுக்கும் அவ்வாறே கூடும். ஒபாசிட்டி எனப்படும் மறைப்புத்திறன் வேறு. கோலை எடுக்காமல் எத்தனை முறை தேய்த்தாலும் வண்ணம் தாண்டக்கூடாத உச்சவரம்பு அது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதே தொடக்கநிலையினரின் பெருங்குழப்பம். மறைப்புத்திறனை முழுமையாக வைத்து, ஒழுக்கைக் குறைத்துப் பழகுதல் நன்று.

மூன்றாவது, அழுத்தம். கோட்டுத் தூரிகையில் அழுத்தத்தைப் பருமனோடு இணைக்க வேண்டும். பூச்சுத் தூரிகையில் ஒழுக்கோடு இணைக்க வேண்டும். இரண்டையும் ஒருங்கே இணைத்தால், எது எதனால் மாறுகிறது என்பதைப் பழகாத கை அறியாது. மென்கையரும் வன்கையரும் தத்தம் கைக்கேற்ப அழுத்த வளைவைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

நான்காவது, விளிம்பு. மென்விளிம்புத் தூரிகை கண்ணுக்கு இனிது. ஆனால் அதையே நம்பினால் உருவம் புகையாய்க் கலையும். முதலில் வன்விளிம்பால் உருவத்தை நிறுத்தி, வேண்டிய இடத்தில் மட்டும் மென்மை சேர்க்க வேண்டும். பெரிய தூரிகையில் தொடங்கிச் சிறியதில் முடிப்பதும் பழைய ஓவியர் முறையே.

ஐந்தாவது, நடுக்கம் போக்கும் உதவி. கிரிட்டா போன்ற கட்டணமில்லா மென்பொருளிலும் இது உண்டு. நீண்ட வளைவுக்குச் சிறிதளவு உதவும். மிகுதியாக வைத்தால் கோடு கைக்குப் பின்னால் இழுபடும். கைவீச்சின் உயிர் போய்விடும். கை நடுக்கத்துக்கு மருந்து பயிற்சி; பொறி துணைமட்டுமே.

இறுதியாக, அடுக்குகள். தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் நாயக்கர் காலத்து ஓவியப் பூச்சுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் மறைந்திருந்ததை 1931இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். சுவரில் மேலடுக்கு வந்தால் கீழடுக்கு மறையும். கணினியிலோ கோட்டை ஓரடுக்கிலும் வண்ணத்தை வேறடுக்கிலும் வைத்து, ஒன்றைக் கெடுக்காமல் மற்றொன்றைத் திருத்தலாம். சுவர் தராத இவ்வசதியைப் பயன்படுத்தாதிருத்தல் அறியாமை.

மீண்டும் பூக்கடைக்கு

அந்த மாணவனை ஒரு மாலை கேம்பல் லேன் பக்கம் அழைத்துச் சென்றேன். பூக்கட்டுபவரின் விரல்களை அரைமணி நேரம் பார்த்தான். ஒவ்வொரு மொட்டும் நாரில் வெவ்வேறு சாய்வில் அமர்வதை அவனே கண்டுபிடித்து எனக்குச் சொன்னான். பிறகு மூன்று தூரிகைகளை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னேன்: கோட்டுக்கு ஒன்று, பூச்சுக்கு ஒன்று, விளிம்பை இளக்குவதற்கு ஒன்று. ஒரு பருவம் முடியும்வரை நான்காவதைத் திறக்கக்கூடாது என்பது எங்கள் உடன்பாடு.

புதிய படத்தில் சரம் கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது. சில மொட்டுகள் மிகப் பெரியவை; சில நாரைவிட்டு நழுவுவன போல் இருந்தன. ஆனால் அது தேக்காவில் அவன் கண்ட சரம். கண்காட்சியில் அதைத்தான் வைத்தோம்.

நம் பிள்ளைகளிடம் கருவிகள் இன்னும் பெருகும். அதைத் தடுக்க நம்மால் ஆகாது, தடுக்கவும் வேண்டா. அவற்றுள் எதை எடுப்பது, எதை விடுவது என்று கற்பிப்பது ஆசிரியராகிய நம் கடமை. அதற்கு முன், எதை வரையப் போகிறோமோ அதைப் பார்க்கக் கற்பிப்போமாக.