அமுதசுரபியும் அபர்டீன் பஜாரும்

மணிமேகலைக் காப்பியத்தில் ஆபுத்திரன் என்பான் ஒருவனைக் காண்கிறோம். மதுரையில் அமுதசுரபி பெற்று வறியோர்க்கு உணவளித்து வந்த அவன், மழை பெய்து நாடு செழிக்கவே, உண்பாரைக் காணாது வருந்தினான். சாவக நாட்டில் பஞ்சத்தால் உயிர்கள் மடிகின்றன எனக் கப்பலில் வந்தோர் கூறக் கேட்டதும், அவ்விடம் நோக்கிக் கலம் ஏறினான். இடையே மணிபல்லவத்தில் இறங்கியவனை விட்டுவிட்டுக் கலம் போயிற்று. ஏற்பார் இல்லாத தீவில் பாத்திரத்தால் பயனில்லை என்று அதனைப் பொய்கையில் விடுத்து, உண்ணாதிருந்து உயிர் நீத்தான். கடல் கடந்து பிறர் பசி தீர்க்கப் புறப்பட்ட தொண்டனை நம் இலக்கியம் பண்டே கண்டிருக்கிறது.

அந்தக் கீழைக் கடலிலேதான் அந்தமான் தீவுகள் உள்ளன. 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பெற்ற போர்ட் பிளேரின் கடைவீதி, மணிக்கூண்டு நிற்கும் அபர்டீன் பஜார். தமிழும் தெலுங்கும் வங்காளமும் இந்தியும் அங்கே கலந்து ஒலிக்கும். சென்னையிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவிலுள்ள இவ்வூரில் அரிசி பெரும்பாலும் கப்பலை நம்பியது. ஆதலின், பசியின் வரலாறே இவ்வூரின் வரலாற்றிற் பாதி எனலாம்.

1858-இல் கைதிகள் குடியேற்றம் தொடங்கியது. பின்னர் எழுந்த செல்லுலார் சிறையில், நல்லுணவும் மனிதர்க்குரிய நடத்தையும் வேண்டி 1933-இல் அரசியல் கைதிகள் உண்ணாநோன்பு இருந்தனர். மகாவீர் சிங், மோகன் கிஷோர் நாமதாஸ், மோகித் மொய்த்ரா ஆகிய மூவர் உயிர் துறந்தனர்.

1942 மார்ச் 23-இல் ஜப்பானியர் தீவில் இறங்கினர். தாயகத்துடன் கப்பல் தொடர்பு அற்றது, அரிசி அரிதாயிற்று. மக்களுக்குத் துணை நின்ற மருத்துவரும் பஞ்சாபிக் கவிஞருமான திவான் சிங், சித்திரவதைக்குள்ளாகி 1944 சனவரி 14-இல் மாண்டார். 1945 ஆகஸ்டில், உணவு ஒடுங்கிய நிலையில், வேண்டாதவர் எனக் கருதப்பட்ட நூற்றுக்கணக்கானோர் கப்பலேற்றப்பட்டு, ஹேவ்லாக் தீவருகே கடலில் தள்ளப்பட்டனர். கரையேறியோரிலும் பெரும்பாலோர் பசியால் மடிந்தனர். உணவு குறைந்தபோது ஆட்சியாளர் உண்பவரைக் குறைத்தனர்!

அறுபது ஆண்டுக்குள் இன்னொரு சோதனை வந்தது. 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலங்கையினின்று திரும்பிய தமிழருட் சில குடும்பங்கள் கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டத்தில் குடியமர்ந்திருந்தன. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை அத்தீவைச் சிதைத்தது. தென் தீவுகளில் எஞ்சியோர் பலர் போர்ட் பிளேர் முகாம்களுக்குக் கொணரப்பட்டனர். அரசினரோடு தொண்டு நிறுவனத்தாரும் அவர்க்கு உணவு வழங்கும் பணியில் இறங்கினர். இம்முறை உண்பவரைக் குறைக்க எவரும் எண்ணவில்லை. உணவைப் பெருக்கவே முயன்றனர்.

அம்முயற்சியை நிலையான நிறுவனமாக்குவதே உணவு வங்கி. 1967-இல் அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் ஜான் வான் ஹெங்கல் முதல் உணவு வங்கியைத் தொடங்கினார். கடைகளில் விற்பனையாகாது எஞ்சும் நல்லுணவைத் திரட்டித் தரம் பிரித்து, சேமித்து, வறியோர்க்கு வழங்குவது அதன் முறை. அதற்குச் சரியாக நூறாண்டு முன்னர், 1867-இல், வள்ளலார் வடலூரில் தருமச்சாலை நிறுவினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. முறைகள் வேறாயினும் இரண்டையும் நடத்துவது பலர் தரும் பொருளும், கூலி கருதாத கைகளுமே.

வெளிமாநிலம் வாழும் நமக்கு இதில் தனிப் பங்குண்டு. உறவினர் அருகில்லாத ஊரில் பசி முதலில் தட்டுவது வந்தேறியவரின் கதவையே. 2020-ஆம் ஆண்டுப் பொதுமுடக்கத்தில் இதைக் கண்டோம். இன்று குடும்ப அட்டைக்கு எம்மாநிலத்திலும் தானியம் பெறலாம். ஆயினும் அட்டையற்றோர் உளர். நாம் வாழும் ஊரின் பொது அடுப்பில், அது குருத்துவாராவின் லங்கராயினும் கோயில் அன்னதானமாயினும், வாரம் ஒரு வேளை அரிசி களையவும் பரிமாறவும் நம் கைகள் சேரட்டும். ஆபுத்திரனுக்கு ஏற்பார் கிடைக்கவில்லை. நமக்கோ அவர்கள் அடுத்த தெருவிலேயே இருக்கின்றனர்.