குருதியில் எழுதியிருந்த காய்ச்சல்

பெங்களூரு ஆடுகோடியில், ஓசூர் சாலையை ஒட்டி, கால்நடைகளுக்கான தேசிய ஊட்டச்சத்து மற்றும் உடலியல் நிறுவனம் இருக்கிறது. அங்கிருந்து நடந்தே போகக்கூடிய தொலைவில் நிம்ஹான்ஸ். ஒன்று மாட்டின் உடலை ஆராய்வது. மற்றொன்று மனித மூளையை. இவ்விரு துறைகளையும் ஒருங்கே வேண்டி நிற்கும் ஒரு நோயின் தென்னிந்திய வரலாற்றை இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

தமிழில் 'மூளைக்காய்ச்சல்' என்ற ஒரே சொல் பல நோய்களைத் தாங்கி நிற்கிறது. அவற்றுள் கொசுவால் பரவும் ஒன்றுக்கு 'ஜப்பானிய' என்ற அடைமொழி. 1935இல் ஜப்பானில் இறந்த ஒரு நோயாளியிடமிருந்து அதன் வைரஸ் பிரித்தெடுக்கப்பட்டது. நோய் பிறந்த ஊரைச் சுட்டும் பெயரன்று.

இந்தியாவில் இவ்வைரஸ் முதலில் நோயாளியிடம் கண்டறியப்படவில்லை. புனேயில் 1952இல் தொடங்கிய வைரஸ் ஆய்வு மையத்தைச் சார்ந்து, ஸ்மித்பர்ன், கெர், காட்னே ஆகியோர் இந்தியர் பலரின் சீரத்தைச் சோதித்து 1954இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அதில் ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் தென்பட்டன. அடுத்த ஆண்டு, 1955இல், வேலூர்ப் பகுதிக் குழந்தைகளிடம் அந்நோய் மருத்துவரீதியாக அடையாளம் காணப்பட்டது. ஆக, சான்று முந்தியது, நோயாளி பிந்தினார்.

இது ஏன் இப்படி நிகழ்ந்தது என்பதற்கு விடை நம் உடலிலேயே இருக்கிறது. கொசு கடித்ததும் வைரஸ் தோலிலும் நிணநீர்க் கணுக்களிலும் பெருகுகிறது. உடனே இன்டர்ஃபெரான் என்னும் முதற்காவல் எழுகிறது. சில நாள்களில் ஐ.ஜி.எம். வகை எதிர்ப்பொருளும், அதன்பின் நெடுங்காலம் நிற்கும் ஐ.ஜி.ஜி.யும் உருவாகின்றன. பெரும்பாலோரிடம் வைரஸ் மூளையை எட்டுமுன்பே கதை முடிந்துவிடுகிறது. தொற்றுக்கு ஆளாகும் ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கே கடும் நோய் வருகிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. மற்றவர்கள் தமக்கு ஏதும் நேர்ந்ததாகவே அறியமாட்டார்கள். அவர்களின் குருதி மட்டும் அறியும். அந்த ஒருவர் பெரும்பாலும் குழந்தை என்பதிலும் ஒரு செய்தி உண்டு: பெரியவர்கள் முன்பே எதிர்ப்பாற்றல் பெற்றுவிட்டார்கள், அதாவது வைரஸ் அவ்வூருக்குப் புதிதன்று.

கால்நடைகளின் கதை வேறு. பன்றியின் குருதியில் சில நாள்கள் வைரஸ் மிகுதியாகப் பெருகும். கடிக்கும் கொசு அதை எடுத்துச் செல்லும். பின்னர் எதிர்ப்பொருள் உருவாகி வைரஸை அகற்றிவிடும். ஆனால் பன்றிகள் விரைவில் இறைச்சிக்குப் போய்விடுவதால், எதிர்ப்பாற்றலற்ற குட்டிகள் ஆண்டுதோறும் வந்துகொண்டே இருக்கும். மாட்டுக்கும் தொற்று உண்டு, எதிர்ப்பொருளும் உண்டு. எனினும் அதன் குருதியில் கொசுவுக்குத் தொற்றவைக்கும் அளவு வைரஸ் சேர்வதில்லை. நெல்வயல் நீரில் பிறக்கும் கியூலெக்ஸ் விஷ்ணுயி வகைக் கொசுக்களுக்கு மாட்டுக் குருதியே பெருவிருப்பு. மனிதனுக்கு விழவேண்டிய கடியை மாடு வாங்கிக்கொள்கிறது என்று மகிழலாம். அதே குருதியால் கொசு பெருகுவதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

1970களின் இறுதியில் பெங்களூருக்குக் கிழக்கே, ஏரிகள் நிறைந்த கோலார் மாவட்டத்தில் மூளைக்காய்ச்சல் கொள்ளைநோயாகப் பரவியது. இங்கேதான் குருதியை வாசிப்பதில் ஒரு சிக்கல் வெளிப்படுகிறது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல், டெங்கு, வெஸ்ட் நைல் ஆகிய மூன்றும் ஒரே குடும்பத்து வைரஸ்கள். ஒன்றுக்கு உருவான எதிர்ப்பொருள் மற்றொன்றோடும் ஓரளவு ஒட்டும். மொழியியல் படித்தவளுக்கு இது பழகிய சங்கடம். கன்னடர் 'ஹாலு' என்றால் 'பால்' என்று உடனே பிடித்துக்கொள்கிறோம், சரியாகவும் இருக்கிறது. அந்தத் துணிவில் கோலார்த் தெலுங்கரின் 'அவசரம்' என்ற சொல்லை விரைவு என்று கொண்டால் பிழை. அவர் சொன்னது தேவை. 1954ஆம் ஆண்டு ஆய்வில் ஜிகாவுக்கும் எதிர்ப்பொருள் இருந்ததாகப் பதிவாயிற்று. அதையும் இந்த எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும் என்பது என் கருத்து.

கோலாரில் இந்த ஐயம் வெறும் ஏட்டளவில் நிற்கவில்லை. மைசூர், கோலார் மாவட்டங்களில் மூளைக்காய்ச்சலால் இறந்த மூன்று குழந்தைகளின் மூளைத் திசுவிலிருந்து வெஸ்ட் நைல் வைரஸ் பிரித்தெடுக்கப்பட்டதை 1984இல் ஓர் ஆய்வுக்கட்டுரை அறிவித்தது. புனே ஆய்வாளர்களோடு நிம்ஹான்ஸின் கௌரி தேவியும் அதை எழுதியவர்களுள் ஒருவர். எல்லாவற்றையும் 'ஜப்பானிய' என்ற பெயரில் அடக்கியிருந்தால் அக்குழந்தைகளின் இறப்புக்குப் பிழையான பெயரே நிலைத்திருக்கும். மூளைத்தண்டுவட நீரில் எதிர்ப்பொருள் உருவாகத் தாமதித்தவர்களிடம்தான் வைரஸ் உயிரோடு அகப்பட வாய்ப்பு அதிகம். அவர்களே மிகுதியாக இறப்பவர்களும். உடல் எழுதத் தவறிய இடத்தில்தான் வைரஸின் உண்மைப் பெயர் நமக்குக் கிடைக்கிறது. இதை எழுதும்போது கை சற்றுத் தயங்குகிறது.

பின்னாளில் கோலார் மாவட்டத்து நீர்ப்பறவைகளின் சீரத்திலும் இவ்விரு வைரஸ்களுக்கான எதிர்ப்பொருள்கள் காணப்பட்டன. ஏரிக்கரைக் கொக்கும் வயலோரப் பன்றியும் தொழுவத்து மாடும் இல்லாமல் மருத்துவமனைப் பதிவேட்டை மட்டும் வைத்து இவ்வரலாற்றை எழுத முயன்றால் பாதிகூடத் தேறாது.

1980களின் தொடக்கத்தில் கோலார் நோயாளி ஒருவரிடமிருந்து பெறப்பட்ட வைரஸ்தான் 2013இல் வெளிவந்த ஜென்வாக் தடுப்பூசிக்கு மூலமாயிற்று. ஜப்பானின் பெயர் தாங்கிய நோய்க்குக் கோலாரின் வைரஸிலிருந்து மருந்து. வெஸ்ட் நைலுக்கு மனிதருக்கான தடுப்பூசி இன்றும் இல்லை.

தடுப்பூசி வந்தபின் குருதி வாசிப்பு இன்னொரு வகையில் கடினமாகியிருக்கிறது. ஒரு குழந்தையிடம் காணப்படும் எதிர்ப்பொருள் கொசு தந்ததா, ஊசி தந்ததா என்று எளிதில் பிரித்தறிய முடியாது. இந்தியாவில் பன்றிகளுக்கு இத்தடுப்பூசி வழக்கமாகப் போடப்படுவதில்லை. தாய்வழி எதிர்ப்பொருள் மறைந்துபோன ஒரு பன்றிக்குட்டியின் குருதியில் புதிதாக எதிர்ப்பொருள் தோன்றினால், அந்தப் பருவத்தில் அவ்வூரில் வைரஸ் நடமாடியிருக்கிறது என்று பொருள். அடுத்த குழந்தை காய்ச்சலில் விழுமுன் அச்செய்தி மருத்துவரை எட்டவேண்டுமானால், கால்நடைத் துறையின் பதிவேடும் மருத்துவமனையின் பதிவேடும் ஒரே மேசைக்கு வரவேண்டும்.