மலையகத்துக் கல்லறைகளும் கல்லற்ற மேடுகளும்

இறந்தோர்க்குக் கல் நடுதல் தமிழர்க்குப் புதிய வழக்கமன்று. கல்லைத் தேர்ந்து காண்பது தொடங்கி நட்ட கல்லை வாழ்த்துவது ஈறாக அதற்கொரு முறைமையையே தொல்காப்பியம் வகுத்துள்ளது. நிரை கவர்ந்தவனுக்கும் நிரை மீட்டவனுக்கும் கல் நின்றது. அக்கல்லிற் பெயரும் பீடும் பொறிக்கப்பட்டன. ஆயின் அத்தமிழரின் வழிவந்தோர் ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளாக இலங்கையின் மலைநாட்டிலே பிறந்தும் உழைத்தும் இறந்தும் வந்துள்ள போதிலும், அவர்தம் பழைய இடுகாடுகளிற் பெயர் பொறித்த கல்லைக் காண்பது அரிதாகும். அதே மலைகளிற் புதைக்கப்பட்ட வெள்ளைத் துரைமாரின் கல்லறைகளோ எண்ணப்பட்டு, எழுதப்பட்டு, அச்சேறி, இன்று இணையத்திலும் ஏறிவிட்டன. இவ்வேறுபாடு எவ்வாறு நேர்ந்தது, அதனால் நமது வரலாற்றெழுத்துக்கு விளைந்த குறை யாது என்பதை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வன்னி மாவட்டங்கள் பற்றி 1895இல் கைந்நூல் எழுதியவர் என நம்மவர் நன்கறிந்த ஜே. பி. லூயிஸ், இலங்கைச் சிவில் சேவையில் இருந்தவர். இத்தீவின் கல்லறை வாசகங்களையும் நினைவுச் சின்னங்களையும் தொகுத்து அவர் 1913இல் ஒரு பெரும் பட்டியலை வெளியிட்டார். வரலாற்று மாணவர்க்கு இன்றும் பயன்படுவதொரு நூல் அது. அதன் தலைப்பிலேயே, நினைவுக்கல் இல்லாதோர் பற்றிய இரங்கற்குறிப்பும் இதனுள் உண்டு எனும் செய்தி அடங்கியுள்ளது. இதனைக் கண்டதும் என் போன்ற ஒருவனுக்கு மனம் சற்றே துள்ளும். ஆயின் தொகுப்பின் நாட்டம் ஐரோப்பியர் மீதே இருந்தது. கல்லில்லாதோர் எனும்போதும் கல் வைக்கத் தகுந்தோர் எனக் கருதப்பட்டவர்களே லூயிசின் கண்முன் நின்றனர் எனலாம். அதற்காக அவரை நோவதிற் பயனில்லை. அவர் தம் காலத்தின் பிள்ளை.

லூயிஸ் தொடங்கிய பணியைப் பிற்காலத்திற் சம்பளம் பெறாத ஆர்வலர் பலர் மேற்கொண்டனர். தென்னாசியாவிலுள்ள ஐரோப்பியர் கல்லறைகளைப் பேணவும் பதியவும் 1976இல் தியோன் வில்கின்சன் என்பார் பிரித்தானியாவில் ஒரு சங்கத்தை நிறுவினார். 1995இல் அமெரிக்கரான ஜிம் டிப்டன் தொடங்கிய 'ஃபைன்ட் எ கிரேவ்' என்னும் இணையத்தளத்திலே உலகெங்குமுள்ள தொண்டர்கள் கல்லறைகளைப் படம் பிடித்து, வாசகத்தைப் பெயர்த்தெழுதிப் பதிவேற்றி வருகின்றனர். பாசி மூடிய கல்லைத் துடைத்து, மழையால் தேய்ந்த எழுத்தை ஒரு பக்கமிருந்து ஒளி பாய்ச்சிப் படிக்கும் அவர்தம் பொறுமை போற்றத்தக்கது. நுவரெலியாவில் அடங்கிய மேஜர் றொஜேர்ஸ், ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்று, 1845இல் மின்னல் தாக்கி மாண்டவர். அவரது கல்லையும் மின்னல் பிளந்தது என்பது ஊர்ப் பேச்சு. பொகவந்தலாவைப் புனித மரியாள் ஆலய வளவில் 1879இல் அடக்கம் செய்யப்பட்ட ஜூலியா மார்கரெட் கமரன், புகைப்படக் கலையின் முன்னோடிகளுள் ஒருவர். கடல் கடந்து வாழும் ஒருவர் தம் முன்னோரின் கல்லை வீட்டிலிருந்தே காண இன்று வழியுண்டு.

இவற்றுள் என் சிந்தையை நெடுநாள் அலைத்தது ஜேம்ஸ் டெய்லரின் கல்லறையே. 1867இல் லூல்கந்துரையிற் பத்தொன்பது ஏக்கரிலே தேயிலை நட்ட இவர் 1892 மே 2ஆம் நாள் அங்கேயே இறந்தார். அவர் உடலைத் தோட்டத் தொழிலாளர் இரு குழுவினராய்ப் பிரிந்து, நான்கு மைலுக்கொருமுறை தோள் மாற்றிக் கண்டி வரை சுமந்து சென்றனர் என்பர். மகியாவை மயானத்தில் அவர் பெயரும் வயதும் தொழிற் சிறப்பும் கல்லில் உள்ளன. சுமந்தவர் பெயர் எதிலும் இல்லை. அவர்களும் ஓரிடத்தில் அடங்கித்தானே இருப்பர்?

கோப்பிக் காலத்தில் மன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்து வந்தோரிற் பலர் வாந்திபேதியாலும் பசியாலும் வழியிலேயே மாண்டனர். 1840களில் வந்தோருள் எழுபதினாயிரம் பேர் வரை இறந்திருக்கலாம் எனக் 'கொழும்பு ஒப்சேவர்' பத்திரிகை 1849இற் கணக்கிட்டது. இத்தொகை மிகையெனக் கொள்வாரும் உளர்; ஆயினும் கணக்குக்கே இடமின்றி ஆயிரக்கணக்கானோர் மறைந்தனர் என்பது உறுதி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே தோட்டங்களுக்கு வந்தோரின் கழுத்தில் இலக்கம் பொறித்த தகரத் துண்டு தொங்கவிடப்பட்டது. உயிரோடிருக்கையில் இலக்கம் தேவைப்பட்டது. இறந்தபின் அதுவும் தேவைப்படவில்லை. தேயிலையின் அடியில் துயில்வோர்க்கு நினைவுக்கல் இல்லையே எனக் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை ஏங்கியது வெறும் கவிதைக் கூற்றன்று.

இக்குறை உணர்வளவில் நின்றிருப்பின் பெரிதன்று. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இங்கு பிறந்தோரிடமும் தந்தை இந்நாட்டிற் பிறந்தமைக்கு, அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தமைக்குச் சான்று கேட்டது. பாட்டன் லயத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் மண்ணுக்குள் இருந்தான், தாளில் இல்லை. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு ஒதுக்கியது. அதன்படி கப்பலேறியோர் தம் முன்னோரைப் புதைத்த மேட்டை விட்டுச் சென்றனர். அம்மேடு இன்னாருடையது எனச் சொல்ல வேண்டிய குடும்பமே நீலகிரிக்குப் போய்விட்ட பின்னர், அது வெறும் மேடாயிற்று.

எமது ஊர் உடப்புசல்லாவை. (நானுஓயாவிலிருந்து புறப்பட்ட 'உடப்புசல்லாவைப் புகையிரதம்' இராகலையோடு நின்றுவிட்டது என்பதும், பின்னர் அதுவும் இல்லாமற்போயிற்று என்பதும் இவ்விடத்து நினைவுகூரத்தக்கன. பெயர் மட்டும் எமக்கு.) சென்ற விடுமுறையில் நண்பர் இருவரும் நானும் எங்கள் தோட்டத்து இடுகாட்டைப் பதிய முற்பட்டோம். கையில் ஒரு குறிப்பேடும், இருப்பிடம் காட்டும் கைத்தொலைபேசியும் இருந்தன. இணையத்தளங்களைப் பார்த்துத் தயாரித்த படிவத்திலே பெயர், குடும்பப் பெயர், பிறந்த நாள், இறந்த நாள், கல்லின் வாசகம் எனக் கட்டங்கள் வரைந்து சென்றோம். முதல் நாளிலேயே அப்படிவம் பயனற்றதெனக் கண்டோம். சீமெந்து பூசிய, பெயரெழுதிய சமாதிகள் விரல்விட்டு எண்ணத்தக்கனவே. அவையும் அண்மைக் காலத்தன. எஞ்சியவை புல் மூடிய மேடுகள். ஒருபுறம் தேயிலை நிரை இடுகாட்டுக்குள்ளேயே இறங்கியிருந்தது.

எம்முடன் வந்த முதியவர் ஒருவரிடம், "பெயர் தெரியாவிட்டால் எப்படி எழுதுவது, தாத்தா?" எனக் கேட்டேன். அவர் சிரித்தார். "பேரு எழுதின கல்லு எங்க தம்பி இருந்துச்சு? இந்தக் குரோட்டன் செடிதான் கல்லு. செவப்பு வச்சது எங்க அத்தைக்கு. அந்தா மஞ்சளு, அது எங்க அய்யாவுக்கு. அது கெளையொடிச்சு நட்டது, லயத்து வாசல்ல இன்னும் தாய்ச்செடி நிக்கிது."

அன்று மாலை படிவத்தை மாற்றி எழுதினோம். செடி எது, நட்டவர் யார், சொல்பவர் இறந்தவருக்கு என்ன முறை, எந்தப் பெருமழைக்கு முன் அல்லது பின், கப்பல் போன ஆண்டுக்கு முன்னா பின்னா, பாடை எவ்வழியே வந்தது, தப்பு அடித்தவர் எவர் என்பனவே புதிய கட்டங்கள். கல் பேசும் இடத்தில் தொண்டர் கல்லைப் பெயர்த்தெழுதினாற் போதும். கல்லில்லாத இடத்தில் உயிரோடிருப்பவரின் நினைவையே பெயர்த்தெழுத வேண்டியுள்ளது. கல் நூறாண்டு காத்திருக்கும். எழுபது வயது முதியவர் அவ்வாறு காத்திருப்பாரா? ஆதலால் துரைமாரின் கல்லறைகளை விட எமது மேடுகளே அவசரமானவை என்பது என் கருத்து.

தொழிலாளருள் பெயர் நிலைத்தோர் முற்றிலும் இல்லை என்பதற்கில்லை. 1940 ஜனவரி 10ஆம் நாள் முல்லோயாவில் பொலிசாரின் சூட்டுக்குப் பலியான கோவிந்தனையும், 1977 மே 11ஆம் நாள் தலவாக்கலை டெவன் தோட்டத்தில் நிலப் பறிப்பை எதிர்த்து மாண்ட சிவனு லெட்சுமணனையும் மலையகம் மறக்கவில்லை. போராட்டத்தில் இறந்தவனுக்குப் பெயர் தங்கியது. பேறுகாலத்திலும் காய்ச்சலிலும் இறந்தவளுக்குத் தங்கவில்லை. 2014 அக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து லயங்களை மூடியபோது மீட்கப்படாதோர்க்கு வீடே புதைகுழியாயிற்று.

எல்லாருடைய பெயரையும் இணையத்தில் இடலாமா என்பதும் எளிய கேள்வியன்று. தம் மகளின் மேட்டைக் காட்டிய ஒரு தாய் பெயரை எழுத வேண்டாமென்றார். எழுதவில்லை, செடியை மட்டும் குறித்தோம்.

என் பாட்டியின் மேட்டுக்கும் ஒரு பக்கம் எழுதியாயிற்று. அவர் பெயர் எனக்குத் தெரியும். அவருடைய தாயின் பெயரை எவரும் சொல்லக் கேட்டிலேன். அவ்வம்மையார் மேற்பிரிவின் பழைய இடுகாட்டில் அடங்கியதாகச் சொல்கின்றனர். அங்குள்ள சரிவில் சென்ற ஆண்டு மண் இறங்கியுள்ளதாம். வடகீழ்ப் பருவமழை தொடங்குமுன் அதனைப் பார்த்துவர எண்ணியுள்ளோம்.