தேய்வதற்கென்றே ஒரு வளையம்
பழைய டீசல் அம்பாசடர் நீலப்புகை கக்கினால், 'ரிங் போயிடுச்சு' என்பார் மெக்கானிக். பிஸ்டனைச் சுற்றி, சிலிண்டர் சுவரோடு ஒட்டி அழுத்தத்தைப் பிடித்துவைக்கும் வளையம் அது. ஓரிடத்தில் வெட்டுவிட்டதால் தானே விரியும் இந்த ரிங்கை, 1850களின் தொடக்கத்தில் ஜான் ராம்ஸ்பாட்டம் உருவாக்கியது நீராவி எஞ்சினுக்காக. 1856இல் ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பிவிட்டது.

கார் வந்தது பிறகு. 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் கார்களைக் கோத்தது. 1949இல் செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் வந்தது. புது காருக்குப் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த காலம். இருக்கிற எஞ்சினை இறக்கி ரிங் மாற்றுவதுதான் வழி.

ஆனா புது ரிங் போட்டும் புகை நிற்காத வண்டிகள் உண்டு. சிலிண்டர் மேல்பக்கம்தான் அதிகம் தேயும். ரிங்கை உள்ளே இறக்கி, பிஸ்டனால் நேராகத் தள்ளி, வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்தால் குட்டு வெளிப்படும். மேலே ஒரு அளவு, கீழே வேறு அளவு என்று ரொம்ப விலகினால் ரிங் காசு தண்டம். போரிங் போட வேண்டும், இல்லையென்றால் ஸ்லீவ். இடைவெளி கம்மியானாலும் ஆபத்து: சூட்டில் முனைகள் முட்டிக்கொண்டு சுவரையே கீறிவிடும். மாட்டும்போது ரிங் வாய்கள் ஒரே வரிசையில் வரக் கூடாது. வந்தால் அந்தச் சந்து வழியே அழுத்தம் கீழே இறங்கும்.