தீத்தடுப்புப் பாலிஸ்டைரீன் நுரைப் பலகை

தீத்தடுப்புப் பாலிஸ்டைரீன் நுரைப் பலகை என்பது, தீ பரவுவதைத் தணிக்கும் வேதிப்பொருள் சேர்க்கப்பட்ட பாலிஸ்டைரீன் மணிகளை நீராவியால் பொரியச் செய்து வார்க்கப்படும் வெப்பக்காப்புப் பலகை ஆகும். தமிழ்நாட்டில் தெர்மோகோல் என அறியப்படும் பொருளின் ஒரு வகையே இது. கட்டிடங்களின் கூரை, சுவர், குளிர்பதனக் கிடங்கு ஆகியவற்றில் பயன்படுகிறது. பெயரில் தீத்தடுப்பு என்ற சொல் இருப்பினும் இது எரியாத பொருள் அன்று. சிறு தீப்பொறியால் பற்றிக்கொள்வதை இது தடுக்கும், பெருந்தீயைத் தாங்காது.

பயன்

பலகையின் கன அளவில் ஏறத்தாழ 98 விழுக்காடு காற்றாகும். நுண்ணறைகளில் அடைபட்ட காற்று நகர இயலாததால் வெப்பம் எளிதில் கடப்பதில்லை. 5 சென்டிமீட்டர் தடிப்புள்ள பலகை, வெப்பக் கடத்தலைத் தடுப்பதில் ஏறத்தாழ 2 மீட்டர் தடிப்புள்ள கான்கிரீட்டுக்கு ஈடானது.

பனமரத்துப்பட்டி உள்ளிட்ட சேலம், நாமக்கல் சமவெளி ஊர்களில் கோடைக்காலத்தில் கான்கிரீட் கூரை பகலில் ஏற்ற வெப்பத்தை இரவில் வீட்டினுள் உமிழ்கிறது. கூரை மீது செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்து இட்டு, அதன்மேல் தட்டோடு பதிப்பது தமிழ்நாட்டின் பழைய முறை. தட்டோட்டுக்குக் கீழே நுரைப் பலகை இட்டால், குறைந்த எடையில் கூடுதல் காப்புக் கிடைக்கும்.

வரலாறு

பொரியும் பாலிஸ்டைரீனை செருமனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனத்தைச் சேர்ந்த ஃபிரிட்ஸ் ஸ்டாஸ்ட்னி 1949இல் உருவாக்கினார். அந்நிறுவனம் 1962இல் மகாராட்டிரத்தின் தானேயில் இதன் உற்பத்தியைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் சென்னையை அடுத்த மணலி புதுநகரில் உள்ள சுப்ரீம் பெட்ரோகெம் ஆலை இம்மணிகளைத் தயாரிக்கிறது.

தயாரிப்பு முறை

1. மணி தயாரித்தல்: ஸ்டைரீன் நீரில் துளிகளாகக் கலக்கப்பட்டுப் பலபடியாக்கப்படுகிறது. பென்டேன் என்னும் எளிதில் ஆவியாகும் நீர்மமும் தீத்தடுப்புப் பொருளும் இக்கட்டத்திலேயே சேர்க்கப்படுகின்றன. எனவே பலகையின் தீத்தன்மை பொதுவாக மணியை வாங்கும்போதே முடிவாகிவிடுகிறது.

2. பொரித்தல்: ஏறத்தாழ 100 பாகை செல்சியசு நீராவியில் மணிகள் இளகுகின்றன. உள்ளிருக்கும் பென்டேன் விரிவதால் அவை 40 மடங்கு வரை பெருக்கின்றன.

3. ஆறவிடுதல்: பொரிந்த மணிகள் துணிப்பைகளில் பல மணி நேரம் வைக்கப்படுகின்றன. அப்போது காற்று உட்புகுந்து, மீதமுள்ள பென்டேனில் ஒரு பகுதி வெளியேறுகிறது.

4. வார்த்தல்: மணிகளை அச்சுப்பெட்டியில் நிரப்பி மீண்டும் நீராவி செலுத்தினால் அவை ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிய கட்டியாகின்றன.

5. அறுத்தல்: சூடேற்றிய கம்பியால் கட்டி பலகைகளாக அறுக்கப்படுகிறது.

பென்டேன் ஆவி காற்றை விட எடை மிகுந்தது. அது தரைமட்டத்தில் தேங்கும், காற்றில் 1.5 விழுக்காடு அளவு கலந்தாலே தீப்பற்றக்கூடும். ஆறாத கட்டியைச் சூட்டுக் கம்பியால் அறுப்பது ஆபத்தானது. கிடங்கில் காற்றோட்டம் இன்றியமையாதது.

தீத்தடுப்பு செயற்படும் விதம்

சூட்டில் தீத்தடுப்புப் பொருள் சிதைந்து புரோமின் சேர்மங்களை வெளியிடுகிறது. இவை தீச்சுடரில் எரிதலைத் தொடரச் செய்யும் வினைமிகு துகள்களைப் பிடித்துக்கொள்கின்றன. அத்துடன் பலகை உருகிச் சுருங்கித் தீயிலிருந்து விலகுகிறது. சிறு தீயை அகற்றினால் பலகை தானே அணைந்துவிடும். ஐ.எஸ். 4671 என்னும் இந்தியத் தரநிலை, சாதாரண வகை, தானே அணையும் வகை என இரண்டாகப் பிரிக்கிறது. பார்வையால் இவற்றை வேறுபடுத்த இயலாது.

சுற்றுச்சூழல்

பல்லாண்டுகளாக இதற்குப் பயன்பட்ட ஹெக்சாபுரோமோசைக்ளோடோடெக்கேன், எளிதில் சிதையாமல் உயிரினங்களின் உடலில் சேர்வது கண்டறியப்பட்டது. 2013இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் ஒழிப்புப் பட்டியலில் இது சேர்க்கப்பட்டது. கட்டிட நுரைப் பலகைகளுக்கு மட்டும் காலவரையறையுள்ள விலக்கு இருந்தது. இந்தியா 2018இல் வெளியிட்ட விதிகள் இதனைத் தடை செய்தன. இதற்கு மாற்றாகப் புரோமின் ஏற்றப்பட்ட பலபடி பயன்படுகிறது. மூலக்கூறு மிகப் பெரிதாகையால் அது உயிரணுக்களுக்குள் எளிதில் புகுவதில்லை. பழைய கட்டிடங்களை இடிக்கும்போது கிடைக்கும் பலகைகளில் முந்தைய வேதிப்பொருள் இருக்கக்கூடும். அவற்றைத் திறந்தவெளியில் எரிக்கலாகாது.

பாதுகாப்பு

1996 ஏப்ரல் 11 அன்று செருமனியின் டுசல்டார்ஃப் விமான நிலையத்தில் பற்றவைப்புப் பணியின்போது எழுந்த தீ, உட்கூரைக்கு மேலிருந்த பாலிஸ்டைரீன் காப்பில் பற்றிக்கொண்டது. இதில் 17 பேர் இறந்தனர். மறைவான வெற்றிடத்தில் திறந்தபடி விடப்பட்ட நுரை எத்தகைய ஆபத்தானது என்பதற்கு இந்நிகழ்வு சான்றாகும்.

ஆகவே, தீத்தடுப்பு வகையாயினும் பலகையைக் கான்கிரீட், சிமெண்ட் பூச்சு, தட்டோடு போன்ற எரியாத பொருளால் முழுமையாக மூட வேண்டும். அறையின் உட்கூரையில் அழகுக்காக வெறும் பலகையை ஒட்டுவது தவிர்க்கத்தக்கது. அருகில் பற்றவைப்பு வேலை நடக்குமாயின் முதலில் பலகையை அகற்றுதல் வேண்டும்.